பார்வையிட்டதாக ஒரு கையொப்பம்

வெள்ளவத்தை,
9 பெப்ரவரி 2025

அன்பான அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு குறையுமில்லை. முதுகுவலி மட்டும் இடைக்கிடை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. உங்கள் காது எப்படி? அண்ணியின் முழங்கால் நோ இறங்கிவிட்டதா? வங்கியில் ஹம்சிகாவுக்கு இடமாற்றம் என்றார்களே, அது என்னவாயிற்று?

நாங்கள் போனில் கதைப்பதை விட்டு ஒரு வருடமாகிறது. உங்களுக்குக் கேட்கவேண்டும் என்று கத்திக் கத்திக் கதைத்து, பக்கத்துப் பிளாட் ஆட்களுக்கு எங்கள் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்ததுதான் மிச்சம். முப்பது வருடம் தபாலதிபராக இருந்தவர், கடைசியில் தங்கச்சியையும் முத்திரை வாங்க வைத்துவிட்டீர்கள்.

நேற்று எங்கள் ஆலோசனைக் குழுக் கூட்டம். அது என்னவென்று எத்தனை தரம் சொன்னாலும் உங்களுக்கு நினைவில் நிற்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் சமூகக் கல்லூரியில் நான் நடத்துகிற கணக்கியல் டிப்ளோமாவில் என்ன படிப்பிக்கவேண்டும் என்று சொல்வதற்கு, வேலை கொடுக்கிற ஆட்கள் ஐந்து பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, பற்றிஸ் சாப்பிட்டு, குறை சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் அடுத்த வருடம் பாடநெறி இல்லை, எனக்கும் வேலை இல்லை. அதனால் பற்றிஸை நல்ல கடையில்தான் வாங்குவேன்.

இந்த முறை தலைவர் பாலேந்திரா. ஆமர் வீதியில் டைல்ஸ் இறக்குமதி செய்கிறவர், எங்கள் ஆள்தான், ஊர் உரும்பிராய். “மிஸ், உங்கட பிள்ளையள் கொம்பியூட்டரில எல்லாம் வடிவாச் செய்வினம். ஸ்டோருக்குள்ள போய் எத்தனை பெட்டி கிடக்குதெண்டு பாத்து எழுதச் சொன்னா முழிக்கினம்” என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் மனுசன் சொன்னது உண்மை. வேலைத்தலங்களுக்கு மூன்று கிழமை அனுப்புவது போதாது, மூன்று மாதம் அனுப்புங்கள் என்றார்கள். கணக்காய்வாளர் புவாத் சேரும் அதையே சொன்னார். அவர் வாய் திறப்பது குறைவு, திறந்தால் பிறகு யாரும் மறுத்துக் கதைப்பதில்லை. பதினாறு பிள்ளைகளுக்கும் இடம் பிடிக்கவேண்டும். ஒருவரைத் தானே எடுப்பதாகப் பாலேந்திரா சொன்னார்.

இனித்தான் விஷயம். தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, “உங்கட தமையனுக்கு ஒரு மகள் இருக்கிறாவாம், இல்லையோ?” என்று கேட்டார். தன் மகன் மிதுஷன் பொறியியலாளராம், கொழும்பிலேயே வேலை. நான் பையனை ஒருமுறை கண்டிருக்கிறேன். அடக்கமான பிள்ளை, தகப்பனைப் போலச் சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. சாதகக் குறிப்பை அனுப்பட்டாம். அண்ணியோடு கதைத்து எழுதுங்கள்.

எல்லாரையும் நினைத்தபடி,
தங்கச்சி கௌரி

•

கோண்டாவில்,
17 பெப்ரவரி 2025

கௌரிக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். எனக்கு முன்னதாக என் காதுதான் இளைப்பாறிவிட்டது. உன் முதுகுக்கு நல்லெண்ணெய் போட்டு உருவு, வெள்ளவத்தைக் கடைகளில் விற்கிற களிம்புகளை நம்பாதே.

குறிப்பு அனுப்பியிருக்கிறேன். அவர்களுடையதும் வந்தது. சாத்திரியார் பொருத்தம் உத்தமம் என்கிறார். உன் அண்ணி மூன்று நாளாக முழங்கால் நோவை மறந்து திரிகிறாள். ஹம்சிகா பையனின் படத்தைத் தன் போனுக்கு மாற்றி எடுத்திருக்கிறாள். இருபத்தொன்பது வயதாகிறது அவளுக்கு. நான்கு இடம் பேசி நான்கும் முறிந்த வீடு இது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். அந்த மனிதரின் கடைக்கு நீ வேலையென்று சொல்லிப் போய் நிற்காதே. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொப்பியும் பேனையுமாக நின்று, அது சரியா இது சரியா என்று பார்ப்பது அழகில்லை. பிள்ளை அங்கே வாழப்போகிறவள். எல்லாம் முடியும்வரை ஒதுங்கி நில்.

எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்.

அண்ணா

•

வெள்ளவத்தை,
30 மார்ச் 2025

அன்பான அண்ணாவுக்கு,

வெயில் ஊற்றுகிற கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நல்லெண்ணெய் போட்டேன், கொஞ்சம் சுகம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் உங்கள் வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பற்றி இன்னும் கதைக்கிறார்களாம். பெண்ணைப் பற்றியும் கதைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பதினாறு பிள்ளைகளையும் ஒருபடியாகச் சேர்த்துவிட்டேன். முகத்துவாரத்துப் பையன் ஒருவனை ஹெந்தளையில் சேர்க்க நான் பட்டபாடு வேறு கதை. பாலேந்திரா “உள்ளதுக்குள்ள கெட்டிக்காரியாப் பாத்துத் தாங்கோ மிஸ்” என்று கேட்டார். ரிஸ்லாவைக் கொடுத்தேன். கிராண்ட்பாஸ் பிள்ளை. வாப்பா இல்லை, உம்மா பஸீஹா வீட்டிலிருந்து தைக்கிறா. இந்த வருடத்து வகுப்பில் அவளைப் போல ஒருத்தி இல்லை. விடை பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கும்வரை எழும்பமாட்டாள், பஸ்ஸைத் தவறவிட்டாலும் இருப்பாள்.

மாதம் இரண்டு தரம் நான் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்து, படிவம் நிரப்பிக் கையொப்பம் வைக்கவேண்டும் என்பது விதி. பெற்றோல் வரிசைக் காலத்தில் எங்கள் பணிப்பாளர் ஜவாத் சேர், “இப்ப எங்கயும் போக ஏலா மிஸ், போன் எடுத்துக் கேட்டு நிரப்புங்க” என்றார். வரிசை போய் மூன்று வருடமாகிறது, பழக்கம் போகவில்லை. ஆனாலும் இந்த முறை முக்கால்வாசி இடத்துக்கு நேரில் போனேன். பாலேந்திராவின் கடைக்கு மட்டும், நீங்கள் சொன்னபடி, போகவில்லை. கோல் எடுத்தேன். “அருமையான பிள்ளை, எல்லாத்தையும் தானாவே பாக்கிறா” என்றார். ரிஸ்லா நன்றாகச் செய்கிறாளாம்.

அண்ணியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கௌரி

•

கோண்டாவில்,
21 ஏப்ரல் 2025

கௌரிக்கு,

வருடப்பிறப்புக்கு நீ வராதது எல்லாருக்கும் குறை. உன் கைவிசேடக் காசை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் மூவருக்கும் சுகம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நாள் குறித்தாயிற்று. ஆவணியில், செப்டெம்பர் நான்காம் திகதி. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டேன். பாலேந்திரா நல்ல மனிதர், சீதனப் பேச்சு எடுக்கவே இல்லை. “உங்கட தங்கச்சியாலதான் இந்தச் சம்பந்தம், அவ எங்களுக்குச் செய்யிற உதவி கொஞ்சமில்லை” என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன உதவி என்று கேட்க நினைத்தேன், அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹம்சிகா சிரிக்கிறாள். நான்கு வருடமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. எனக்கே கேட்கிறது என்றால் பார்.

ஆடியில் சேலை எடுக்கக்கூடாது, ஆனியிலேயே வந்து எடுத்துத்தா.

அண்ணா

•

வெள்ளவத்தை,
2 ஜூன் 2025

அன்பான அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை ஹம்சிகாவிடம் காட்டவேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை பாலேந்திராவின் கடைக்கு வரிக் கந்தோர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பதிவேட்டில் ‘உடைந்தது’ என்று கழித்துவிட்ட டைல்ஸ் பெட்டிகள் எக்கச்சக்கம். உடைந்த டைல்ஸ் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. நல்ல பெட்டிகளை உடைந்ததாக எழுதிவிட்டு, யாரோ பில் இல்லாமல் விற்றிருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள எழுத்து முழுக்க ரிஸ்லாவினுடையது. மாலையில் முதலாளி சொல்லச் சொல்லத் தான் எழுதியதாக அவள் சொல்கிறாள். தனக்கு ஒன்றும் தெரியாது, பயிற்சிக்கு வந்த பிள்ளையை நம்பிக் கொடுத்தேன், அவள் வெளி ஆட்களோடு சேர்ந்து களவெடுத்துவிட்டாள் என்று பாலேந்திரா பொலிசில் முறைப்பாடு போட்டிருக்கிறார்.

பிள்ளையைக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை பொலிசில் இருத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்கு உம்மா பஸீஹா கல்லூரிக்கு வந்தா. அழவில்லை. “மிஸ், ஏன்ட மக ஒரு ஊசியக்கூடக் கேக்காம எடுக்க மாட்டா. நீங்க போய்ப் பாத்திருக்கீங்கதானே, நீங்க சொல்லுங்க” என்றா. நான் தண்ணீர் கொடுத்தேன். 

கல்லூரியும் விசாரணை வைக்கிறது. குற்றம் என்று தீர்ந்தால் அவளுக்கு டிப்ளோமா இல்லை. அதோடு அந்தத் தீர்ப்பைத்தான் பொலிசும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபது வயதுப் பிள்ளை. களவு வழக்கு உள்ள ஒருத்தியை எந்தக் கணக்குக் கந்தோர் வாசலில் ஏற்றும்?

நான் என்ன செய்யட்டும் அண்ணா?

கௌரி

•

கோண்டாவில்,
6 ஜூன் 2025

கௌரி,

கடிதம் இன்று பகல் வந்தது, இன்றே எழுதுகிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

இது கடைக்காரருக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள விவகாரம். விசாரிக்கப் பொலிஸ் இருக்கிறது, குழு இருக்கிறது, உனக்கு மேலே பணிப்பாளர் இருக்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். செப்டெம்பருக்கு இன்னும் மூன்று மாதம்தான். பிறகு எதையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளை வேலை செய்த இடத்துக்கு நீ போனாயா, போகாவிட்டால் படிவத்தில் என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதவேண்டாம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஹம்சிகாவுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணா

•

வெள்ளவத்தை,
29 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்காததை எழுதுகிறேன். சுகம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று விசாரணையின் முதல் அமர்வு. பாலேந்திரா சம்பந்தப்பட்டவர் என்பதால் புவாத் சேர்தான் நடத்தினார், ஜவாத் சேர் பக்கத்தில் இருந்தார். பாலேந்திரா ஒரு கோப்பைத் திறந்து என் படிவத்தின் பிரதியை எடுத்து வைத்தார். கல்லூரி அவருக்கு அனுப்புகிற பிரதி. அதில் நான் எழுதிய வரி இது:

“பயிலுநர் கையிருப்புப் பதிவேட்டை எவரது மேற்பார்வையுமின்றித் தாமாகவே எழுதிப் பேணுகிறார். நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்தேன்.”

ஆறு படிவம், ஆறிலும் இதே வரிதான். அவர் போனில் சொன்னதை நான் கொஞ்சம் அழகுபடுத்தி எழுதினேன். பிள்ளைக்கு நல்ல பெயர் வரட்டும், சம்பந்தி வீட்டாருக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எழுதினேன். அந்தக் கடையின் வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை அண்ணா. யாருடைய மேற்பார்வையும் இல்லை என்றால், எழுதியதெல்லாம் அவள்தான், கழித்ததெல்லாம் அவள்தான். பாலேந்திரா வேறு சாட்சியே கொண்டுவரவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

புவாத் சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, “மிஸ், இது நீங்க கண்ணால கண்டு எழுதினதா?” என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ரிஸ்லா இருந்தாள். பாலேந்திராவும் இருந்தார். எனக்கு ஹம்சிகாவின் முகம் வந்தது, மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் வந்தது, என் ஐம்பத்துமூன்று வயதும் இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை என்பதும் வந்தது. “ஓம் சேர்” என்றேன்.

ரிஸ்லா மடியில் வைத்திருந்த பையின் சிப்பை இழுத்து மூடினாள், அவ்வளவுதான்.

அடுத்த அமர்வு ஜூலை 26. எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

கௌரி

•

கோண்டாவில்,
8 ஜூலை 2025

கௌரிக்கு,

அண்ணியின் முழங்காலுக்குப் புதிய வைத்தியர் ஊசி போட்டார், இப்போது படி ஏறுகிறாள். எனக்குக் காது அப்படியேதான். இங்கே மழை இல்லை, கிணறு கீழே போய்விட்டது.

நீ வராததால் கூறைச்சேலையை நாங்களே எடுத்துவிட்டோம். அரக்குச் சிவப்பு. அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது, ஐந்நூறு. உன் பெயர் எனக்கு அடுத்ததாக இருக்கிறது. உன் கல்லூரி ஆட்களுக்கென்று முப்பது அனுப்புகிறேன். பந்தி வைப்பதா, எடுத்துச் சாப்பிட விடுவதா என்று வீட்டில் சண்டை. நான் பந்தி என்கிறேன்.

உன் கடிதம் வந்தது.

அண்ணா

•

வெள்ளவத்தை,
27 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

அண்ணி படி ஏறுகிறா என்று வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. அழைப்பிதழ் முப்பதும் கிடைத்தன. ஒன்றையும் கொடுக்கவில்லை, மேசையில் இருக்கின்றன.

நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

போகும் வழியில் ரயிலில் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வேலை கூடிப்போனதால் என்று, பழைய பழக்கத்தால் என்று, பணிப்பாளர் சொன்னதால் என்று. அங்கே போய் எழும்பி நின்றதும் அதெல்லாம் வரவில்லை. “சேர், நான் அந்தக் கடைக்கு ஒருநாளும் போகேல்லை. ஆறு படிவத்திலயும் பொய்தான் எழுதினனான். போன மாதம் ஓமெண்டு சொன்னதும் பொய்தான்” என்றேன்.

ஏன் போகவில்லை என்று புவாத் சேர் கேட்டார். சம்பந்தம் பேசிய இடம், போவது முறையில்லை என்று நின்றேன் என்றேன். நீங்கள் சொன்னதாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். முடிவு என்னுடையது.

பாலேந்திரா மெதுவாக எழும்பினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். “மிஸ், நீங்கள் ஒரு பிள்ளையைக் காப்பாத்துறதா நினைச்சு இன்னொரு பிள்ளையின்ர வாழ்க்கையை என்ன செய்யிறியளெண்டு வீட்டை போய் யோசியுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு படிவமும் செல்லாது என்று புவாத் சேர் பொலிசுக்கு எழுதுகிறார். ஆனால் முறைப்பாடு அப்படியே இருக்கிறது. பதிவேட்டில் இருப்பது ரிஸ்லாவின் எழுத்து, அதற்கு எதிராக அவளிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டும். என்னை ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு முடிவு சொல்வார்களாம்.

ஹம்சிகாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கௌரி

•

கோண்டாவில்,
10 ஓகஸ்ட் 2025

மாமிக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். கேட்கிறேன். இங்கே அப்பா சாப்பிடுகிறார், கதைப்பதில்லை. உங்களுக்கு எழுதவேண்டாம் என்றார். இது அவருக்குத் தெரியாது.

மிதுஷன்தான் எனக்குச் சொன்னார். வங்கியில் கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போது கோல் வந்தது. “அப்பா வேண்டாமெண்டுட்டார், நான் ஒண்டும் செய்யேலாது” என்றார். மூன்று நிமிடம்கூட இல்லை. நான் போனை வைத்துவிட்டு முன்னால் நின்ற ஐயாவுக்குப் புத்தகம் பதிந்து கொடுத்தேன்.

நீங்கள் செய்தது சரி மாமி. தகப்பன் செய்த வேலைக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்கிற ஆளைக் கட்டாமல் விட்டது நல்லதென்று ஒருநாள் நானே சொல்வேன். இன்றைக்கு அதைச் சொல்ல என்னால் முடியாது. எனக்குக் கோபம். அந்தச் சேலையை நான் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் நீங்கள் உண்மையைச் சொன்னதில் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து நீங்களும் அப்பாவும் மாறி மாறி எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடிதமாவது என் பெயருக்கு வரவில்லை. கலியாணம் எனக்குத்தானே? என்னைக் கேட்டிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். நிறுத்தினேன் என்றாவது எனக்கு இருந்திருக்கும். இப்போது ஐந்தாவது தரமும் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனதாகத்தான் ஊர் கதைக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? அதையாவது எழுதுங்கள்.

ஹம்சிகா

•

வெள்ளவத்தை,
13 செப்டெம்பர் 2025

அண்ணாவுக்கும் ஹம்சிகாவுக்கும்,

இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். இனி இந்த வீட்டிலிருந்து வருகிற கடிதம் எதையும் ஒருவருக்கு மறைத்து மற்றவர் வாசிக்கவேண்டாம். அண்ணிக்கும் வாசித்துக் காட்டுங்கள். எல்லாரும் சாப்பிடுகிறீர்கள், நித்திரை கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளை, உனக்கு நான் செய்தது பிழை. உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் இரண்டு கிழடுகளும் எங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நான்காம் திகதி நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஓகஸ்ட் நடுவில் ரிஸ்லாவின் வீட்டுக்குப் போனேன். கிராண்ட்பாஸில் ஒரு சந்துக்குள் மேல்மாடி. உம்மா பஸீஹா பிளேன் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு உள்ளே போய் மெஷினில் இருந்துவிட்டா. ரிஸ்லா முன்னால் வந்து இருந்தாள். வகுப்புக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். 

பிறகு எழும்பிப் போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு நாளும் ஸ்டோரில் உண்மையாக எத்தனை பெட்டி உடைந்தது, முதலாளி எத்தனை என்று எழுதச் சொன்னார், எந்த லொறியில் மிச்சம் போனது, எல்லாம் திகதி போட்டு இருந்தது. இலக்கத்துக்கு இலக்கம் சுத்தம்.

“இதை ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் காட்டேல்லை?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்குக் காட்டத்தான் எழுதினேன் மிஸ். வியாழக்கிழமையில வருவேண்டு வகுப்புல சொன்னீங்க. ஒம்பது வியாழக்கிழம பேக்ல போட்டுக்கொண்டு போனேன். முதலாளி பக்கத்துல இருந்தா எப்பிடிக் குடுக்குறண்டு வேற யோசிச்சேன்.”

“விசாரணையிலயாவது குடுத்திருக்கலாமே.”

“கொண்டு வந்தேன் மிஸ். மொத நாள் மடியிலதான் வெச்சிக்கிட்டிருந்தேன். ஒங்களப் பாத்தேன், ஓம்ண்டு சொன்னீங்க. மிஸ்ஸே அப்பிடிச் சொன்னா ஏன்ட கொப்பிய யாரு நம்புவாங்க? திரும்ப உள்ளுக்குப் போட்டுட்டேன்.”

சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. நான்தான் அழுதேன். அவள் வீட்டில் போய் இருந்து நான் அழுதேன், அதுவும் ஒரு வெட்கம்.

கொப்பியைப் புவாத் சேரிடம் கொடுத்தோம். அவர் அதோடு ஒருநாள் முழுக்க இருந்துவிட்டுத் தானே பொலிசுக்குக் கொண்டுபோனார். லொறி இலக்கங்களை விசாரிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் பாலேந்திரா முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துவிட்டார். வரிக் கந்தோர் அவரை விடவில்லை. ரிஸ்லாவில் பிழையில்லை என்று கல்லூரி எழுதிக் கொடுத்துவிட்டது.

என் விஷயத்தையும் குழு எடுத்தது. புவாத் சேர் எனக்காகக் கதைத்தாராம். தானாக வந்து சொன்னவ, இனிமேல் இவவை விடக் கவனமாக ஒருவரும் படிவம் நிரப்பமாட்டார்கள், திரும்ப எடுங்கள் என்றாராம். ஜவாத் சேரும் சரி என்றார். எனக்குப் போன உயிர் வந்ததுபோல இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் இரண்டாம் தரமும் கிராண்ட்பாஸுக்குப் போனேன். இறுதிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது, விட்ட பாடத்தை நான் தனியாக இருந்து சொல்லித் தருகிறேன், வா பிள்ளை என்றேன்.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

“படிக்க ஆசதான் மிஸ். வாரேன். நீங்க படிப்பிக்காட்டி வாரேன்.”

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. உம்மா பஸீஹா அவளை அதட்டுவா என்று நினைத்தேன். மெஷின்தான் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

வரும் வழியில் எனக்கு அவள்மீது கோபம் வந்தது. இத்தனையும் இழந்தேனே, இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று வந்தது. வீட்டுக்கு வந்து, சமைக்காமல் இருந்து, இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். ஜவாத் சேர் திகைத்துப்போனார். கடிதத்தில் காரணம் எழுதவேண்டிய இடத்தில், சுகவீனம் என்று போடுங்கள், நல்லதாக இருக்கும் என்றார். நான் உள்ளதை எழுதினேன்: “ஒரு மாணவி வகுப்புக்குத் திரும்பி வருவதற்காக.”

திங்கட்கிழமை ரிஸ்லா வந்து முன்வரிசையில் இருந்தாள் என்று ஜவாத் சேர் போனில் சொன்னார்.

கௌரி